பாதையை விட்டு இறங்கியது யார்

ஜூலை 5, சனி

கொழும்பில் இறங்கி மூன்று மணி நேரம் ஆகிறது. அதற்குள் இரண்டு பேரிடம் எரிந்து விழுந்துவிட்டேன். ஒருவர் வேனோட்டி, பாவம், எந்தத் தப்பும் செய்யாதவர். இன்னொருவர் என் கணவர்.

வேனில் ஏழு இருக்கை. ஜன்னலோர நல்ல இருக்கையில் அவருடைய பெரிய லென்ஸ், பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பின்னிருக்கை. "அதுக்கு ஆட்டம் ஆகாது மங்கை" என்றார். எனக்கு ஆகுமாம்.

மே மாதம்தான் நான் ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு வருஷம் அம்பாசமுத்திரத்தில் உயிரியல் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த டைரியில்தான் இதை எழுதுகிறேன். பயணம் இவருடைய பரிசு. பத்து நாள் இலங்கை. பயணத் திட்டத்தை விமானத்தில்தான் கையில் கொடுத்தார். மூன்று காட்டுப் பூங்கா, ஏழு சஃபாரி. அனுராதபுரம் அரை நாள். மிகிந்தலை, 'நேரம் இருந்தால்'. பொலன்னறுவை, 'போகிற வழியில்'.

நட்ட காலம் தெரிந்த மரங்களிலேயே உலகத்தில் மிகப் பழையது அனுராதபுரத்து அரசமரம் என்பார்கள். வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டது இவருக்குத் தெரியும். அரை நாள் கொடுத்திருக்கிறார்.

இவர் பெயர் குற்றாலிங்கம். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து நான்கு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவர். இப்போது யார் கேட்டாலும் காட்டுயிர் புகைப்படக்காரர் என்கிறார். அதுவும் பொய் இல்லை. ஒரு விருது வாங்கியிருக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

வேனோட்டியின் பெயர் நஜிமுதீன். புத்தளத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். நேற்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது பரவால்ல மெடம், பயணக் களைப்பு" என்று அவரே எனக்குக் காரணம் எடுத்துக் கொடுத்தார். வழியில் உப்பளங்களைக் காட்டினார். வேனை நிறுத்தச் சொன்னேன். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

மதியம் பூங்கா. வேனை வாசலில் விட்டுவிட்டு ஜீப்பில்தான் போக வேண்டும். ஜீப் ருவன் என்கிற சிங்கள இளைஞனுடையது. மனைவிக்கு இது ஏழாம் மாதம் என்று அரைகுறைத் தமிழில் முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டான். பூங்காவிலிருந்து ஒரு வழிகாட்டியையும் கூட அனுப்புகிறார்கள். பெயர் திலகரத்ன. காக்கிச் சட்டை, நரைத்த மீசை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் என்றார். எனக்கு ஓய்வாகி ஒரு மாதம் என்று சொன்னதும் ஏதோ உறவுக்காரர் போலச் சிரித்தார்.

வாசலில் மூன்று மொழிகளில் பலகை. தமிழில் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். 'எக்காரணம் கொண்டும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது.' அதைச் சத்தமாக வாசித்தேன். இவர், "டீச்சர் புத்தி" என்றார்.

காடு அழகு. எழுதாமல் இருக்க முடியவில்லை. சிவப்பு மண் பாதை சட்டென்று விலகி, பச்சைப் புல் விளிம்பு கட்டிய ஏரி. அதில் வர்ண நாரைகள், கழுத்து வரை அமிழ்ந்த எருமைகள். திலகரத்ன ஒரு பெரிய மரத்தைக் காட்டி 'பாலு' என்றார். நம் பாலை மரம். சின்னச் சின்ன மஞ்சள் பழம். இது பழக் காலத்தின் கடைசி, கரடிகள் மரத்தை விட்டு இறங்காமல் தின்னும், இந்தச் சமயத்தில் அவற்றின் பக்கம் போகக் கூடாது என்று அவர் சொன்னதை ருவன் மொழிபெயர்த்தான். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். மனிதர் ஒன்றுக்கும் சலிக்கவில்லை.

சிறுத்தை வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் இவர் பேசவில்லை. கடைசியில் ருவனிடம் மட்டும், தன் கிளப்பில் இருபது பேர் இருக்கிறார்கள், நாளைக்கு நல்ல படம் கிடைத்தால் அத்தனை பேரையும் இவனுடைய ஜீப்புக்கே அனுப்புவதாகச் சொன்னார். ருவனின் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

இன்று காலை பூங்காவில் விபத்து. திலகரத்னவைக் கரடி தாக்கிவிட்டது. அனுராதபுரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் காயம் எதுவும் இல்லை. பூங்கா அலுவலகத்தில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

இவர் சட்டையெல்லாம் ரத்தம், திலகரத்னவுடையது. ஊறப்போட்டிருக்கிறேன். ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். வெந்நீரில் போட்டால் கறை நின்றுவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

அனுராதபுரம். மீதிச் சவாரிகளைப் பூங்காவில் ரத்து செய்துவிட்டார்கள். அதனால் எனக்கு அரை நாளுக்குப் பதில் மூன்று நாள் கிடைத்திருக்கிறது. இப்படியா கிடைக்க வேண்டும்?

ருவன்வெலி சாயவைச் சுற்றினேன். மலை போன்ற வெள்ளைத் தாதுகோபம், சுற்றுமதில் முழுக்க யானைத் தலைகள். செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். பதினோரு மணி வெயிலில் கல் அடுப்பாகக் கொதித்தது. சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்று வெறுங்காலோடே நடந்தேன். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம்.

எதைப் பார்த்தாலும் எரிச்சல். தாமரை விற்கிறவர் சில்லறை தேடிக்கொண்டே நின்றது எரிச்சல். பயணிகள் புத்தருக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்கப் போய்க் காவலாளியிடம் திட்டு வாங்கியது எரிச்சல். ஹோட்டலில் சாம்பார் என்ற பெயரில் கொண்டுவந்து வைத்தது எரிச்சல்.

எல்லாவற்றையும்விட நஜிமுதீன். காலையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் 'ஓம்', 'இல்ல'. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைக்கு வராமல் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் என்ன செய்துவிட்டோம் அவரை?

நடந்தது இது. ருவன் சிறுத்தையைப் பக்கத்தில் காட்டுவதற்காக ஜீப்பைப் பாதையை விட்டு இறக்கினான். இறங்கிப் படமெடுக்கலாம், பயமில்லை என்றான். அதை நம்பி இவர் இறங்கினார். கரடி வந்தது. திலகரத்ன குறுக்கே போனார். ஜீப்பின் சக்கரத் தடம் பாதையிலிருந்து இருபது அடி உள்ளே போயிருப்பதை அதிகாரிகளே அளந்து பார்த்தார்கள். வாக்குமூலத்தில் இப்படித்தான் இருக்கிறது.

சட்டையில் கறை போகவில்லை. எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

மிகிந்தலைக்கு நான் மட்டும் போனேன். இவர் அறையில் கணினியின் முன்னால் இருக்கிறார். படங்களைச் சரிபார்க்கிறாராம்.

ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படி. இரண்டு பக்கமும் கோயில் அலரி மரங்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். நஜிமுதீன் கூடவே வந்தார், இரண்டு படி தள்ளி. தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, என்னிடம் ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவரும் படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "ருவன்ட பெர்மிட்ட நிப்பாட்டிட்டாங்க மெடம். வெள்ளிக்கிழம விசாரண. ரெண்டு வெளிநாட்டு ஆக்கள் கையெழுத்து வச்சிரிக்கிறாங்க, சக்கரத் தடம் இரிக்கி. அவனுக்கு ஆர் இரிக்கிறாங்க?"

திலகரத்ன இருக்கிறாரே என்றேன்.

"அவருக்கு இன்னும் நினைவு தெளியேல்ல. தாடையில கம்பி போட்டு, வலக் கையில ரெண்டு ஒப்பரேசன். அவர் எழும்பிக் கதைக்க மாசமாகும். அதுக்குள்ள ருவன்ட இடம் வேற ஆளுக்குப் போயிரும்." பிறகு, "நான் அங்க இரிக்கேல்ல மெடம். எனக்குத் தெரியா. ருவன எட்டு வருசமாத் தெரியும், அது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

மேலே போனோம். தேவநம்பிய தீசன் என்ற ராஜா இந்த மலையில் மான் வேட்டையாட வந்தானாம். அம்பை நாணில் பூட்டித் துரத்தும்போது மகிந்த தேரர் குறுக்கே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ராஜா வில்லைக் கீழே போட்டான், அன்றோடு நாடே பௌத்தத்துக்கு மாறிற்று. வழிகாட்டிகள் எல்லா மொழியிலும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கூப்பிட்டதும் வில்லைக் கீழே போடுகிற ராஜா எந்த ஊரில் இருக்கிறான்? திலகரத்னவும்தான் குறுக்கே போய் நின்றார்.

சரி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணி. பாதையோரக் குட்டையின் அக்கரையில் சிறுத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நாற்பது அடி இருக்கும். ஜீப் பாதையில்தான் நின்றது. ருவன் இன்ஜினை அணைத்திருந்தான். சிறுத்தை எங்களைப் பார்த்தது, பொருட்படுத்தாமல் திரும்பவும் குடித்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

இவருக்கு அந்தக் கோணம் போதவில்லை. தரையோடு தரையாக எடுக்க வேண்டும், கண்ணுக்குக் கண் என்றார். திலகரத்ன தலையை ஆட்டினார். ருவன், "சேர், வேணாம், ஏலாது" என்று இரண்டு முறை சொன்னான். இவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பின்கதவை ஒட்டியே இருந்த குட்டைக்கரையில் குப்புறப் படுத்தார். இரண்டு படம் எடுத்தார், சரியாக வரவில்லை. லென்ஸை மாற்றினார். திலகரத்ன கெஞ்சுகிற குரலில் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். சத்தம் போட்டால் சிறுத்தை என்ன செய்யுமோ என்ற பயம் அவருக்கு.

இடது பக்கம் பாலை மரம். அதன் பின்னாலிருந்து கரடி இறங்கியது. எனக்கு முதலில் அது நிழல் போலத்தான் தெரிந்தது. திலகரத்ன யோசிக்கவே இல்லை. குதித்தார், கையைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடி, இவருக்கும் கரடிக்கும் நடுவில் நின்றார். கரடி இரண்டு காலில் எழுந்தது.

அதற்குப் பிறகுதான் ருவன் ஜீப்பைப் பாதையை விட்டு இறக்கினான். ஹாரனை அழுத்திக்கொண்டே நேராகக் கரடியின் மேலேயே ஓட்டினான். அது விட்டுவிட்டு ஓடியது. பதினைந்து வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சக்கரத் தடத்தைத்தான் அளந்தார்கள்.

அலுவலகத்தில் இவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அதிகாரி எழுதினார். ஒரு பெண். எழுதி முடித்து என்னைப் பார்த்து, அப்படித்தானா மேடம் என்று கேட்டார். ருவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையிலும் ரத்தம்.

ஆமாம் என்றேன்.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை. அலுவலகங்கள் மூடியிருக்கும் என்று நஜிமுதீன் சொன்னார். நான் காலை ஆறு மணிக்கே உடுத்துத் தயாராகிவிட்டுத்தான் அவரிடம் கேட்டேன். எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்குத் திறப்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

அரசமரத்துக்குப் போனேன். ஊர் ஊராக வெள்ளை உடுத்தி வந்திருக்கிறார்கள். கைக்குழந்தை, கிழவர், பள்ளிப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் பூத்தட்டு. மரத்தின் பழைய கிளைகளுக்குத் தங்க முட்டுக் கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக யாரோ ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், யாரோ ஒருவர் குரங்கு விரட்டியிருக்கிறார். இதைப் பார்க்கத்தான் வந்தேன். நெரிசலில் என் காலை மிதித்துவிட்ட ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. திரும்பிவிட்டேன்.

மதியம் இவரிடம் சொன்னேன், நாளைக்குப் பூங்கா அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றப் போகிறேன் என்று.

முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். விசாரணை, கோர்ட்டு, பாஸ்போர்ட் என்று அடுக்கினார். ருவனுக்கு என்ன, ஓட்டத் தெரிந்தவனுக்கு ஊர் முழுக்க வண்டி என்றார். கரடி வந்ததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்றார். பிறகு குரலை இறக்கி, "இங்க வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன். பாத்துட்டுச் சொல்லு" என்று கணினியை என் பக்கம் திருப்பினார்.

சிறுத்தை. தண்ணீரோடு முகம். நாக்கு பாதி வெளியே. கண் நேராக என்னைப் பார்க்கிறது. மீசை முனையில் ஒரு துளி. கீழே தண்ணீருக்குள் இன்னொரு சிறுத்தை, தலைகீழாக. நல்ல படம் இல்லை என்று சொல்ல எவ்வளவோ பார்த்தேன். சொல்ல முடியவில்லை. இவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உலகப் போட்டிக்கே போகலாம் மங்கை" என்றபடி அடுத்ததைத் தட்டினார். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. பெருமையில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மறந்துவிட்டார்.

சாய்ந்த அடிவானம். காக்கிச் சட்டை. கறுப்பு ரோமம். திலகரத்னவின் கை. திலகரத்னவின் முகம். ஜீப்பின் முன்சக்கரம் இடது ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது.

அவர் மூடப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினொன்று.

"விரல் தானா அழுத்திருச்சு" என்றார்.

"நாலாவதுல ஃபோகஸ் மாத்தியிருக்கீங்க" என்றேன்.

எனக்குள்ளே இருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிற்று. தையல்சிட்டுக் கூட்டைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு விருது வாங்கிக் கொடுத்த படம் அது. நான்கு குஞ்சும் வாயைத் திறந்திருக்கும். கூட்டை மறைத்த இலைகளை வெட்டியதால்தான் அந்தப் படம் கிடைத்தது. மறுநாள் வெயிலில் நான்கும் செத்துக் கிடந்தன. அதையெல்லாம் சொல்லிக் கத்தினேன். பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

அவர் கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கிளைய வளைச்சுப் பிடிச்சது நீதானே."

ஜூலை 11, வெள்ளி

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். எட்டு மணிக்கு வேனில் ஏறினேன். ஜன்னலோர இருக்கையில், லென்ஸ் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். வழியில் நஜிமுதீன் தேநீர்க்கடையில் நிறுத்தி, கேட்காமலே எனக்கொரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்தார்.

அதே பெண் அதிகாரி. பெயர் ஹேமமாலி. வாசல் பெஞ்சில் ருவன் உட்கார்ந்திருந்தான். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவன் மனைவி. நான் உள்ளே போகும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பதிலுக்குப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சொன்னது பொய், மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். ஹேமமாலிக்கு நன்றாகக் கோபம் வந்தது. நான்கு நாள் ஒரு மனிதனை அலைய விட்டிருக்கிறீர்கள், பொய் வாக்குமூலம் இந்த நாட்டில் குற்றம் என்பது தெரியுமா என்று கேட்டார். எல்லா நாட்டிலும் குற்றம்தான் என்றேன். கார்டைக் கொடுத்தேன். அவர் தன் கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொன்றையும் பார்த்தார். நடுவில் ஒருமுறை எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திலகரத்ன அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவராம்.

பிறகு காகிதத்தை எடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஜீப் பாதையில் நின்றதை, ருவன் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னதை, எல்லாவற்றையும். எழுதிக்கொண்டே வந்தவர், படுத்திருந்தவர் எப்படி லென்ஸை மாற்றினார், ஜீப்புக்குத் திரும்பி வந்தாரா என்று கேட்டார்.

"இல்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்."

பேனா நின்றது.

"பின்கதவிலிருந்து குனிந்து, கைக்கு எட்டக் கொடுத்தேன். திலகரத்ன என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடுங்கள் மேடம், உள்ளே வரச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். நான் லென்ஸைக் கொடுத்தேன்."

இதை இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை. புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'லென்ஸை மாற்றினார்' என்று இருக்கிறது. எவ்வளவு சுத்தமான வாக்கியம்.

ஹேமமாலி அதையும் எழுதினார். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் வேண்டும், திங்கட்கிழமை நீதவான் முன்னால் நிற்க வேண்டும் என்றார். ருவனை உள்ளே கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனான். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செத்திருப்பேன்.

ஜூலை 12, சனி

மருத்துவமனைக்குப் போனேன். திலகரத்னவின் மனைவி வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்று நஜிமுதீன் மூலம் சொன்னாள். கொண்டுபோன பழங்களை வாங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவர் வேறு அறை எடுத்துக்கொண்டார். காலையில் வராந்தாவில் எதிர்ப்பட்டபோது, "என்ன ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார். எந்த வீடு?

மருத்துவமனைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

நீதிமன்றம். மாட்டு வழக்கு ஒன்று, குடித்துவிட்டு ஓட்டியவர் வழக்கு ஒன்று, பிறகு நாங்கள். அவருக்கு அபராதம், இனி எந்தப் பூங்காவிலும் நுழையத் தடை, சிகிச்சைச் செலவு முழுக்க அவர் பொறுப்பு. எனக்குப் பொய் வாக்குமூலத்துக்கு அபராதமும் கண்டிப்பும். நீதவான் என் வயதையும் தொழிலையும் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பரீட்சை ஹாலில் நான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கார்டும், படங்களை ஏற்றியிருந்த அவர் கணினியும் நீதிமன்றத்திடமே இருக்கும். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ருவன் வந்திருந்தான். அவனுக்குப் பெர்மிட் திரும்பக் கிடைத்துவிட்டது. தூரத்திலிருந்து ஒரு தலையசைப்பு. நஜிமுதீனுக்கா எனக்கா தெரியவில்லை.

வெளியே வந்ததும் இவர், நாளைக்கு மதிய விமானம், காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார். நான் வரவில்லை என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். கரடி வந்தபோதுகூட அங்கே பயம் இல்லை, கேமராதான் இருந்தது.

"படம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா, விசாரிச்சியா?" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

அவர் போய்விட்டார். வேறு வண்டி பிடித்துக்கொண்டு போனார். நஜிமுதீன் எனக்காக இருந்துவிட்டார்.

பத்து மணிக்கு மருத்துவமனை. இன்றைக்குத் திலகரத்னவின் மனைவி வார்டுக் கதவை விட்டு விலகி நின்றாள். உள்ளே போனேன்.

முகத்தில் பாதி கட்டுக்குள் இருக்கிறது. ஒரு கண் தெரிகிறது. தாடையில் கம்பி. வலது கை முழங்கை வரை கட்டு. என்னைக் கண்டதும் அந்த ஒற்றைக் கண் சுருங்கிற்று. கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர் இடது கையால் நோட்டுப்புத்தகத்தைக் கேட்டார். மனைவி பென்சிலை விரலிடுக்கில் செருகினாள். கோணல் மாணலாக ஒரு வரி எழுதி நஜிமுதீனிடம் தள்ளினார். நஜிமுதீன் வாசித்தார். காது சிவந்துவிட்டது.

"சுகமா ஊருக்குப் போகச் சொல்றார் மெடம்."

திலகரத்னவின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எழுதியது அது இல்லை என்று அவளைப் பார்த்தாலே தெரிந்தது.

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

"ஏலாது மெடம். அது கெட்ட பேச்சு. உங்கட தாயையும் சேத்து எழுதியிரிக்கார்."

முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். "சரியாத்தான் எழுதியிருக்கார்னு சொல்லுங்க. இன்னும் இருந்தா எழுதச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

நஜிமுதீன் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் சொன்னார். திலகரத்ன என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பென்சில் இரண்டு முறை கீழே விழுந்தது. இரண்டு முறையும் குனிந்து எடுத்து அவர் விரலில் கொடுத்தேன். ஒரு பக்கம் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நஜிமுதீன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எதையும் விடாமல், தமிழில் சொன்னார். நான் உட்கார்ந்து கேட்டேன். ஒரு வரிகூடத் தப்பில்லை.